தச்சு வேலை தெரிந்த டாக்டர்

மலருக்குக் கட்டுரை கேட்டதும், நான் ஏதாவது ஒரு இன்ஜினியரைப் பற்றித்தான் எழுதுவேன்னு நண்பர்கள் நினைச்சிருப்பாங்க. நான் எடுத்துக்கொண்டது ஒரு டாக்டரை. படித்துப் பாருங்கள், இவரும் நம்ம ஆள்தான் என்பீர்கள்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929-ல் அப்பா இங்கே காய்ச்சலில் இறந்துபோனார். பையன் முதலில் கற்றது வைத்தியம் இல்லை. தச்சு வேலையும் கொத்து வேலையும்தான். பிறகுதான் லண்டனில் டாக்டருக்குப் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளியின் மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தார். பிடி இரும்பாக இருந்தது. விரலை நிமிர்த்தும் சிறு தசைகள்தான் செயலிழந்தவை, முன்கைத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்று புரிந்தது. போலியோ நோயாளிகளுக்குச் செய்துவந்த முறைப்படி, நல்ல தசையின் நாணை எடுத்து வேறு பாதையில் கொண்டுபோய் விரலில் தைத்தார். எல்லாம் நம்ம மெக்கானிக்ஸ் வகுப்புக் கணக்குதாங்க: தசைக்கு எவ்வளவு பலம், எவ்வளவு தூரம் சுருங்கும், மூட்டின் அச்சிலிருந்து நாண் எவ்வளவு தள்ளிப் போகிறது. இன்றைக்குத் தோள்பட்டை நாண் தைக்கவே முடியாதபடி கிழிந்தவர்களுக்கு முதுகுத் தசையின் நாணை மாற்றித் தைப்பதும் இதே கணக்கில்தான்.

கை நிமிர்ந்தது, பிழைப்பு நிமிரவில்லை. விரல் நேரான பிறகு பிச்சையும் குறைந்தது, வேலையும் யாரும் தரவில்லை. அதனால் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கி, அங்கே தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். அங்கேதான் அடுத்த சிக்கலும் தெரிந்தது. நாணை மாற்றினால் அசைவு வரும், உணர்ச்சி வராது. வலி தெரியாததால் சுத்தியல் பிடியிலும் சூடான பாத்திரத்திலும் விரல்கள் புண்ணாயின. விரலைத் தின்றது நோய் அல்ல, உணராத காயங்கள்தான் என்று கண்டறிந்தார். கருவிகளின் பிடியையும் செருப்பையும் மாற்றி அமைத்தார்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் போய் அதே பணியைத் தொடர்ந்தார். 2003-ல் காலமானார்.

டிசைன் கொடுத்ததும் நம்ம வேலை முடிஞ்சதுன்னு ஒதுங்கிடறோம். அவர் தைத்த கை வேலைக்குப் போகிற இடம் வரை கூடவே போனார். நண்பர்களே, நமக்கு அது ஒரு பாடம்.