மனக்கோயில் எடுத்த பூசலார் நாயனார்

தொண்டை நன்னாட்டுத் திருநின்றவூரில் அந்தணர் குலத்தில் தோன்றியவர் பூசலார் நாயனார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் போற்றிய அடியார்களுள் ஒருவர். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான், பெரிய புராணத்தில் இவர்தம் வரலாற்றை விரித்தருளினார். 63 நாயன்மார்களுள் கண்ணை இடந்து அளித்தவர் உண்டு. அரசைத் துறந்தவர் உண்டு. பூசலாரோ ஓரிடத்தில் அமர்ந்து நினைந்தார். அந்த நினைவையே இறைவன் அருந்தொண்டாக ஏற்றுக்கொண்டான்.

சிவபெருமானுக்கு ஒரு திருக்கோயில் எடுக்க வேண்டும் என்பது நாயனாரின் நெடுநாள் வேட்கை. அதற்குரிய பொருளை எங்கெங்கும் வருந்தித் தேடினார். சிறிதும் கிட்டவில்லை. இனி என்செய்வது என்று உள்ளம் நைந்தார். திருப்பணியில் ஈடுபட்ட அன்பர் எவரும் இந்நிலையை நன்கு அறிவர். கல் வாங்கப் பொருளில்லை, கேட்ட இடத்தில் கை விரிக்கின்றனர், எண்ணமோ விட்டபாடில்லை. இவ்வாறான வேளையில் மனம் இரண்டு திசைகளில் ஓடும். நேற்றுக் கிட்டாததை எண்ணிப் புழுங்கும்; நாளைக்கும் கிட்டாதோ என்று அஞ்சும். இவ்விரண்டுக்கும் நடுவே இன்று என்னும் நாள் வீணே கழிந்துவிடும்.

நாயனார் அந்நாளை வீணே கழியவிடவில்லை. புறத்தே பொருளில்லை எனினும் அகத்தே மனம் இருக்கின்றது என்று தெளிந்து, நினைவினாலேயே கோயில் எடுக்கத் துணிந்தார். அவர் செய்த முறைமையே நாம் ஊன்றி நோக்கற்பாலது. கற்பனையில் செல்வம் சேர்ப்பவன் ஒரே கணத்தில் கோடி பொன்னைக் குவித்துக்கொள்ளலாம், தடுப்பார் யாருமில்லை. பூசலாரோ மனத்தில் சேர்த்த பொருளையும் தினையளவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகவே திரட்டினார். பின்னர்க் கருவிகளையும் தச்சர்களையும் உள்ளத்தால் தேடினார். நல்ல நாளும் பொழுதும் பார்த்து, ஆகம விதிப்படி அடிநிலை இட்டார். இரவிலும் கண் துயிலாமல் பணியை நடத்தினார்.

உபானம் முதலாகிய படைவரிசைகளை ஒவ்வொன்றாக அமைத்தார். சிகரத்தைக் குறித்த முழ அளவு பிசகாமல் உயர்த்தினார். தூபி நாட்டினார், சுதைவேலை முடித்தார். கிணறு அகழ்ந்தார், மதில் எழுப்பினார், திருக்குளமும் தோண்டினார். இவையனைத்தும் நிறைவுற நெடுநாள் ஆயிற்று. மனத்தால் கட்டும் கோயிலுக்கு நெடுநாள் எதற்கு? ஒரு கல்லை வைக்கும்போது அக்கல்லிலேயே மனம் நின்றமையால்தான். அடிநிலை இடும்போது சிகரத்துக்குத் தாவும் மனம் கனவு காணும் மனம். அது எதையும் கட்டி முடிப்பதில்லை. முன் நிற்கும் பணியில் முழுவதும் தங்கும் மனமே தொண்டு செய்யும் மனம். பகற்கனவுக்கும் பூசலார் திருப்பணிக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கோயில் நிரம்பியது. இறைவனைத் தாபிப்பதற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் காடவர்கோமான் தான் எடுப்பித்த கற்றளியில் தாபனம் செய்ய ஏற்பாடு செய்திருந்தான். அதற்கு முன்னாள் இரவு இறைவன் அவன் கனவில் எழுந்தருளினான். நின்றவூர்ப் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து எடுத்த ஆலயத்தில் மறுநாள் தான் புகவிருப்பதாகவும், மன்னன் தன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அருளி மறைந்தான்.

பெருஞ்செல்வம் செலவிட்ட வேந்தன் இதனால் மனம் கோணவில்லை. அத்தகைய அடியாரைக் கண்டு வணங்க வேண்டும் என்று நின்றவூருக்கு விரைந்தான். பூசலார் அமைத்த கோயில் எங்கே என்று வினவினான். அப்படியொரு கோயில் இங்கு இல்லை என்றனர் ஊரார். மறையவர்களை அழைத்துக் கேட்டு, பூசலார் இருக்குமிடம் தானே சென்று தொழுது, கனவுச் செய்தியை உரைத்தான். நாயனார் மருண்டார். தம் உள்ளத்துக்குள் நடந்த பணியை இறைவன் ஒரு பொருளாகக் கொண்டானே என்று உருகினார். பொருள் கிட்டாமையால் மனத்தாலேயே எடுத்த கோயில் அது என்று உள்ளவாறு விளம்பினார். மன்னன் நிலமுற வீழ்ந்து பணிந்து தன் நகருக்கு மீண்டான். நாயனாரோ குறித்த நல்வேளை தவறாமல் தம் மனக்கோயிலில் இறைவனைத் தாபித்து, பூசனைகள் நெடுநாள் புரிந்து, சிவன் திருவடி சேர்ந்தார்.

காடவர்கோமான், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த பல்லவ மன்னன் இராசசிம்மனே என்பது வரலாற்றறிஞர் பலர் கருத்து. கலியுகத்திலும் அசரீரி கேட்டவன் என்று அம்மன்னனை அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு புகழ்கின்றது. புராணமும் கல்வெட்டும் இங்கே ஒன்றையொன்று தழுவி நிற்பது வியத்தற்குரியது. மன்னன் எடுத்த கற்றளி இன்றும் காஞ்சியில் நிமிர்ந்து நிற்கின்றது. திருநின்றவூரிலோ இருதயாலீசுவரர் என்னும் திருநாமத்துடன் இறைவன் எழுந்தருளியிருக்கின்றான். நாயனாரின் உள்ளமே அவன் ஆலயம் என்பதை அத்திருநாமம் உணர்த்துகின்றது. ஐப்பசித் திங்கள் அனுட நன்னாளில் பூசலாரின் குருபூசை கொண்டாடப்பெறுகின்றது.

பொருள் வழங்குவது பயனற்றது என்று இவ்வரலாறு கூறவில்லை. கற்றளி எடுத்த மன்னனையும் இறைவன் ஒதுக்கவில்லை, கனவில் வந்து காட்சி தந்தான், சிறிது காத்திருக்கச் சொன்னான், அவ்வளவே. கொடுக்கும் கையோடு மனமும் உடன் நிற்க வேண்டும் என்பதே இங்குக் கொள்ளத்தக்க பாடம். சந்நிதியில் நிற்கும்போது வீட்டுக் கணக்கையும், விளக்கேற்றும்போது நாளைய வழக்கையும் எண்ணுவோமாயின் நாம் நிற்குமிடம் கோயிலாயினும் மனம் வெளியே திரிகின்றது. ஏற்றும் திரியில் கண்ணும், இடும் மலரில் கருத்தும் பொருந்தினால் அந்தக் கணமே பூசையாகும்.

குடமுழுக்கு நீர் விமானத்தில் சொரியும் வேளையில் அன்பர்கள் நேற்றையும் நாளையையும் சற்றே மறந்து, அந்நீரைக் கண்ணாரக் காண்பார்களாக. பூசலார் போற்றிய பெருமான் அவ்வுள்ளங்களிலும் எழுந்தருளி அருள்புரிவானாக.