ஆடி சமைத்த அறிஞர் ஹெர்ஷெல்

வானநூல் வல்லாருள், தாம் நோக்குங் கருவியைத் தம் கையாலேயே சமைத்துக்கொண்ட பெருமை சர் வில்லியம் ஹெர்ஷெலுக்குச் சிறப்பாக உரியது. அன்னார் 1738-ம் ஆண்டு, ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரில், படைவாத்தியக்காரர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். 1757-ல் இங்கிலாந்து சென்று, பின்னர்ப் பாத் நகரத்து ஆலயமொன்றில் ஆர்கன் வாசித்து வாழ்ந்தார். வானைக் காணும் வேட்கை மிக்கும், பெரிய தொலைநோக்கி வாங்கப் பொருளின்மையால், 1773 முதல் தாமே ஆடி தேய்க்கலானார். செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த வட்டினைக் குழிவுறத் தேய்த்து மெருகிடுங்கால், இடையிற் கையெடுத்தலாகாது. ஆதலின் தங்கை கரோலின் அம்மையார் அவர் வாயில் உணவூட்டுவாராம். அங்ஙனஞ் சமைத்த கருவிகொண்டே 1781-ல் யுரேனஸ் என்னுங் கிரகத்தைக் கண்டு புகழெய்தினார்.

பின்னர், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பொருளுதவ, 40 அடி நீளக் குழாயும் 4 அடி அகல ஆடியுங் கொண்ட பெருங்கருவியொன்றை அமைக்கத் துணிந்தார். ஆடி அகலுந்தோறும் தன் பாரத்தாலேயே வளையும்; மயிரிழையிற் சிறு பங்கு வளையினும் விண்மீனின் உருவஞ் சிதையும். 1785-ல் வார்த்த முதல் ஆடி நடுவே மெலிந்தமையால் வடிவம் நிலைக்கவில்லை. 1788-ல் வார்த்த இரண்டாவது, ஆறும்போதே வெடித்தது. அவ்வாண்டிலேயே மூன்றாவதைத் தடிப்பாக வார்த்தார். அதன் எடை 2,000 பவுண்டுக்கு மேல். 1789-ல் கருவி முற்றுப்பெற, சனியின் துணைக்கோளாகிய என்செலடஸைக் கண்டார். எனினும், பாரத்தால் அதனை இயக்குதல் அரிதாயிற்று. ஆடியும் விரைவில் மங்கிற்று. ஆதலின் தமது பழைய 20 அடிக் கருவியையே பெரிதும் பயன்படுத்தினார். 1822-ல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

2009-ம் ஆண்டு ஐரோப்பிய விஞ்ஞானிகள் விண்வெளிக்கு அனுப்பிய தொலைநோக்கியொன்று ஹெர்ஷெல் பெயரையே தாங்கிற்று. 1800-ல் அவர் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களை ஆராய்வதே அதன் பணி. அதன் ஆடி 3.5 மீட்டர் அகலமுடையது. சிலிக்கன் கார்பைடு என்னும் பொருளாலான 12 துண்டுகளை இணைத்து, மெல்லிய ஓடு போலச் செய்யப்பட்டது. தொலைநோக்கிப் பகுதி முழுதும் ஏறத்தாழ 320 கிலோகிராம். ஹெர்ஷெலின் 4 அடி ஆடியொன்றே அதனினும் ஏறக்குறைய மும்மடங்கு கனத்தது! விண்ணில் ஆடியைத் தன் பாரம் வளைப்பதில்லை. ஆயினும் ஏவுகணையின் அதிர்ச்சியையும் விண்வெளியின் கடுங்குளிரையும் அது தாங்கவேண்டும். ஆதலின் இலேசாயும் விறைப்பாயும் இருத்தல் இன்றியமையாதது. 2013-ல், குளிர்விக்கும் ஹீலியந் தீரும்வரை அக்கருவி பணிபுரிந்தது.

கனத்தைக் கூட்டி வலிமை தேடினார் ஹெர்ஷெல். கனத்தைக் குறைத்தும் வலிமை காத்தனர் பின்வந்தோர். வழி வேறாயினும், அவரை வருத்திய வினா ஒன்றே. வெடித்த ஆடியைக் கண்டும் மீண்டும் உலை மூட்டிய அப்பெரியாரின் உள்ளத்துறுதியை, தேர்வொன்றில் தவறியவுடன் சோர்ந்துவிடும் மாணவராகிய நாம் பெற முயல்வோமாக.