பவளமும் மனிதரும்: தர்ஸ்டன் வாழ்வு தரும் பாடம்

எட்கர் தர்ஸ்டன் என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு வருவது, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த பெருநூல்தான். அதே ஆண்டில் சென்னை மெரினாவில், மாநிலக் கல்லூரிக்கு எதிரே திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் அவரது முயற்சியால் விளைந்தது என்பதைப் பலர் அறியார். இந்தியாவில் அத்தகைய காட்சியகம் அதுவே முதலாவது. இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்க விரும்புவோரைக் காணும்போது, அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக எனக்குத் தோன்றுபவர் தர்ஸ்டன்தான்.

1855-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1885-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக எழும்பூர் வந்தபோது அவருக்கு வயது முப்பது. 1908-இல் ஓய்வு பெறும்வரை, இருபதாண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பை வகித்தார்.

வந்த சில ஆண்டுகளிலேயே அவரது கவனம் தெற்கே, மன்னார் வளைகுடாவின் மீது திரும்பியது. இராமேசுவரத்தில் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் ஆராய்ந்து 1890-இல் அருங்காட்சியக வெளியீடாக எழுதினார். 1895-இல் இராமேசுவரத் தீவையும் வளைகுடாவின் உயிரினங்களையும் பற்றிய ஏடு வெளிவந்தது.

இப்பணியில் நான் மதிப்பது அவரது அடக்கத்தை. சேகரித்த எல்லாவற்றுக்கும் தாமே பெயர் சூட்டிவிட அவர் முனையவில்லை. சென்னைக் கடலில் கிடைத்த கடற்பஞ்சுகளை ஆராய்ந்து 1887-இல் எழுதியவர் ஆர்தர் டெண்டி. நண்டு, இறால் வகைகளை ஆராய்ந்தவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஹெண்டர்சன். தாம் முழுதும் அறியாத ஒன்றை அறிந்தவரிடம் ஒப்படைப்பதை அவர் குறையாகக் கருதவில்லை.

பவளத்தைப் பொறுத்தவரை இந்த அடக்கம் இன்றியமையாதது. ஒரே இனப் பவளம், அலை மோதும் இடத்தில் குட்டையாகவும் தடித்தும் வளரும். அமைதியான நீரில் மெலிந்து நீண்டு கிளைக்கும். ஒளியின் அளவுக்கேற்ப நிறமும் மாறும். எனவே நிறத்தையும் தோற்றத்தையும் மட்டும் கொண்டு இனத்தை உறுதி செய்வது அரிது. சுண்ணாம்பு எலும்புக்கூட்டில் உள்ள நுண்ணிய கிண்ணங்களையும் அவற்றின் உள்தடுப்புகளையும் உருப்பெருக்கியில் பார்த்தே அறிஞர்கள் முடிவுக்கு வருவர். இப்போது மரபணுவையும் சோதிக்கின்றனர். தொட்டி வைத்திருப்போர் செல்பேசிப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதும், விற்பனைக்காகச் சூட்டப்பட்ட கவர்ச்சிப் பெயரை இனப்பெயராக எண்ணுவதும் இதனால்தான் போதாமையாகின்றன.

பெயரைவிடவும் முக்கியமானது ஒன்றுண்டு. அருங்காட்சியக மாதிரி ஒவ்வொன்றுக்கும் அது கிடைத்த இடத்தைக் குறிக்கும் சீட்டு உண்டு. அச்சீட்டு இல்லாத மாதிரி அறிவியலுக்கு அநேகமாகப் பயனற்றது. இந்தோனேசியக் கடலில் வாழும் பவள இனங்கள் பலவும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கின்றன. தொட்டியில் இருப்பது எங்கிருந்து வந்தது என்பதை உருவம் ஒருபோதும் சொல்லாது. ஆவணமே சொல்லும்.

சட்டத்தின் கேள்வியும் அதுவே. 2001 முதல் நம் கடலின் பாறைப் பவளங்கள் அனைத்தும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; புலிக்குரிய காப்பு அவற்றுக்கும் உண்டு. சுண்ணாம்புக்காகப் பன்னெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்ட பவளத்துக்கு இக்காப்பு தாமதமாகவே கிட்டியது. அயல்நாட்டுப் பவளத்தைக் கொண்டுவரவும் பன்னாட்டு உடன்படிக்கையின்படி அனுமதி வேண்டும். ஆகவே பவளம் வாங்குவோர் பெயரைக் கேட்குமுன் பிறப்பிடத்தைக் கேட்க வேண்டும். பதில் கிடைக்காத இடத்தில் வாங்காமல் திரும்ப வேண்டும். வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் அருகிலேயே இருக்க, கடல்நீர் மீன்களோடு நிறைவடைவதும் இழுக்கன்று.

தர்ஸ்டனின் மற்றொரு முகத்தையும் மறைத்தல் தகாது. பவளத்திடம் காட்டிய தயக்கத்தை அவர் மனிதரிடம் காட்டவில்லை. 1890-களில் தொடங்கி அளவுகோலுடன் ஊர் ஊராகச் சென்றார். தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்து மக்களை வகைப்படுத்தினார். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் அளந்தார். மூக்கின் அளவு ஒரு சமூகத்தின் தரத்தைக் காட்டும் என்ற அக்கால நம்பிக்கை, பின்னர் அறிவியலால் கைவிடப்பட்டது. ரங்காச்சாரியின் துணையோடு அவர் திரட்டிய வழக்காறுகள் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. அந்த அளவீடுகளோ ஆளுவோரின் ஆணவத்துக்குச் சான்றாக மட்டுமே எஞ்சியுள்ளன. புறத்தோற்றம் சூழலுக்கேற்ப மாறும் என்ற உண்மையை ஓர் உயிரிடம் கண்டவர், மனிதரிடம் அதை மறந்துவிட்டார்.

ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்து, அங்குள்ள தாவரங்களை ஆராய்ந்த தர்ஸ்டன், 1935-இல் மறைந்தார். அவரது கடல்காட்சியகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. சென்னையில் இன்று அதன் சுவடு இல்லை. ஆனால் அவர் வாழ்வின் இரு பாதிகளும் சேர்ந்து சொல்லும் செய்தி நிலைத்திருக்கிறது. ஓர் உயிருக்குப் பெயரிடுவது அதன்மீது அதிகாரம் கொள்வதாகும். அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்ளும் பணிவு இருக்கும்வரைதான் அந்த அதிகாரம் அறிவாக இருக்கும்.