கோப்பில் வளர்ந்த கை



படிப்பு முடியும் தறுவாயில் நம் எல்லோரையும் ஒரு கவலை பிடித்துக்கொள்கிறது. வேலை கிடைக்குமா என்பது அதன் முதற் பாதி. கிடைத்த வேலையில் நிலைப்போமா என்பது மறு பாதி. வேலை கொடுப்போர் நம்மீது சொல்லும் குறை யாவரும் அறிந்ததே. பாடம் தெரிகிறது, ஆனால் ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை என்கிறார்கள். நாமோ, ஆங்கிலம் சரளமாக வராததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று எண்ணி ஏங்குகிறோம். கான்வென்டில் படிக்காத குறை என்றும், பட்டணத்தில் பிறக்காத குறை என்றும் நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க, நம் பக்கத்து மண்ணில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். பள்ளிப் படிப்பைக்கூட முழுமையாக முடித்தவர் அல்லர். ஆயினும் அவர் கையால் வரைந்த காகிதங்கள் இந்த நாட்டின் வரைபடத்தையே மாற்றின. எங்கள் சித்தூரின் தலையெழுத்தும் அந்தக் காகிதங்களுள் ஒன்றில் அடங்கியிருந்தது. அவர்தாம் வாப்பால பங்குண்ணி மேனன் என்னும் வி. பி. மேனன்.

பாலக்காட்டுச் சீமையைச் சேர்ந்த ஒற்றப்பாலத்தில் 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அவர் பிறந்தார். அக்காலத்தில் ஒற்றப்பாலம் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. தந்தையார் பள்ளி ஆசிரியர். வீட்டில் கல்விக்குக் குறைவில்லை, செல்வத்துக்குத்தான் குறைவு. இளம் வயதிலேயே மேனன் வீட்டை விட்டு வெளியேறிப் பிழைப்புத் தேடினார். ரயிலில் கரி தள்ளும் வேலை, சுரங்க வேலை, பெங்களூரில் புகையிலைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை என்று அவர் பார்த்த வேலைகள் பல. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தட்டச்சையும் சுருக்கெழுத்தையும் நம்பிப் பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயில் ஏறிய இளைஞர்கள் எத்தனையோ பேர். அந்த வரிசையில்தான் மேனனும் வடக்கே சென்றார். 1914இல் இந்திய அரசாங்கத்தின் உள்துறையில் தட்டச்சு செய்யும் குமாஸ்தாவாக அவருக்கு இடம் கிடைத்தது.

தட்டச்சுக் குமாஸ்தா வேலை என்றால் என்ன? பிறர் எழுதியதைப் பிழையின்றி அடித்துக் கொடுப்பது. அதில் சிந்தனைக்கு இடம் ஏது என்று பலர் நினைக்கலாம். ஆனால் அரசாங்கக் கோப்பு ஒன்றைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடம் என்பது விளங்கும். கீழேயுள்ள எழுத்தர் ஒரு விஷயத்தைச் சுருக்கி முதற் குறிப்பு எழுதுகிறார். அதன்மேல் அடுத்த அதிகாரி தம் கருத்தை எழுதுகிறார். அதை மறுத்து இன்னொருவர் எழுதுகிறார். கடைசியில் முடிவெடுப்பவர் இரண்டு வரியில் ஆணையிடுகிறார். அந்த ஆணையை வெளியே அனுப்ப மறுபடி ஒரு வரைவு தயாராகிறது. ஒரே விஷயம் எத்தனை வடிவம் எடுக்கிறது, எந்தச் சொல்லால் சண்டை மூண்டது, எந்தச் சொல்லால் அது தீர்ந்தது என்பதெல்லாம் அந்தத் தாள்களிலே கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவனுக்கு அது வெறுங்காகிதம். படித்துக்கொண்டே அடிப்பவனுக்கு அதுவே பாடநூல். மேனன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

அரசியல் சீர்திருத்தங்களைக் கவனிக்கும் பிரிவில் அவர் வேலை பார்த்தார். மாகாணங்களுக்கு என்ன அதிகாரம், மத்திய அரசாங்கத்துக்கு என்ன அதிகாரம், சமஸ்தானங்களின் நிலை என்ன என்னும் சிக்கலான கேள்விகளெல்லாம் அந்தப் பிரிவின் கோப்புகளில்தான் நடமாடின. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் உருவான காலத்தில் அவர் அந்த வேலைக்கு நடுவே இருந்தார். பெரிய படிப்புப் படித்து வந்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாறிப் போவார்கள். மேனன் மாறவில்லை. எந்தக் கேள்வி எப்போது எழுந்தது, அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டால் உடனே சொல்லக்கூடியவர் அவர்தாம் என்ற பெயர் வளர்ந்தது. 1942இல் அவர் சீர்திருத்தக் கமிஷனர் ஆனார். லின்லித்கோ, வேவல், மவுண்ட்பேட்டன் ஆகிய மூன்று வைசிராய்களுக்கும் அரசியல் சட்ட விஷயத்தில் ஆலோசனை சொல்லும் இடம் அவருக்கு வந்து சேர்ந்தது.

1947ஆம் ஆண்டு மே மாதம். வைசிராய் மவுண்ட்பேட்டன் சிம்லாவில் தங்கியிருந்தார். அதிகாரத்தை ஒப்படைப்பதற்கான திட்டமொன்று லண்டன் வரை போய்த் திருத்தம் பெற்று வந்திருந்தது. மே 10ஆம் நாள் இரவு அதை அவர் நேருவிடம் காட்டினார். நேரு கொதித்துப் போனார். இது நாட்டைத் துண்டு துண்டாக உடைத்துவிடும் என்று கண்டித்து மறுநாளே எழுதிவிட்டார். வைசிராயின் திட்டம் முழுவதும் சரிந்து விழும் நிலை. நேரு அன்று மாலையே சிம்லாவை விட்டுப் புறப்பட இருந்தார். அதற்குள் புதிய வரைவு ஒன்று வேண்டும் என்று மேனனிடம் சொல்லப்பட்டது. சில மணி நேரமே கையில் இருந்தது. மேனன் அமர்ந்து எழுதி மாலைக்குள் கொடுத்தார். டொமினியன் அந்தஸ்துடன் இரு அரசாங்கங்களுக்கு விரைவில் அதிகாரத்தை மாற்றுவது என்பதே அதன் சாரம். நேரு அதை ஏற்கத்தக்கது என்று கருதினார். ஜூன் 3ஆம் நாள் உலகறிய வெளியிடப்பட்ட திட்டத்துக்கு அதுவே அடிப்படை ஆயிற்று.

சில மணி நேரத்தில் ஒரு நாட்டின் எதிர்காலத்தை எழுதிவிட்டார் என்று கேட்பவர்களுக்கு அது மாயமாகத் தோன்றும். மாயம் ஒன்றுமில்லை. அந்த யோசனை பல மாதங்களுக்கு முன்பே அவர் மனத்தில் உருவாகியிருந்தது. அதை அவர் வல்லபாய் படேலோடு பேசிப் பார்த்து, அவர் எதை ஒப்புவார், எதை ஒப்பமாட்டார் என்பதையும் தெரிந்து வைத்திருந்தார். முப்பதாண்டுக் கோப்புப் படிப்பும், முன்கூட்டியே நடந்த பேச்சும் சேர்ந்துதான் அந்தச் சில மணி நேரத்தைச் சாத்தியமாக்கின. தேர்வுக்கு முதல் நாள் இரவு விழித்துப் படிப்பவர்களாகிய நாம் இதை மனத்தில் கொள்வது நல்லது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தில் நாட்டின் பிரிவினையும் அடங்கியிருந்தது. அதன் பின் பஞ்சாபிலும் வங்காளத்திலும் நேர்ந்த துயரத்தை எந்த வரைவாலும் தடுக்க முடியவில்லை. தெளிவாக எழுதுவது வேறு, நல்ல விளைவு வருவது வேறு. எழுதுபவனுக்கு இந்த அடக்கமும் வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் சமஸ்தான இலாகா தொடங்கப்பட்டது. படேல் அமைச்சர், மேனன் செயலாளர். ஐந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள்; கையில் இருந்த காலமோ ஆறு வாரம். இங்கேதான் மேனனின் உண்மையான திறமையை நாம் காண்கிறோம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மன்னர்களைக் கூட்டாட்சியில் சேர்க்க முன்னரே ஒரு முயற்சி நடந்ததுண்டு. வைசிராயின் தூதர்கள் சமஸ்தானம் சமஸ்தானமாகப் போனார்கள். ஒவ்வொரு மன்னரும் தமக்கென்று ஒரு விலக்குக் கேட்டார். பத்திரம் நீண்டது, பேச்சும் நீண்டது. 1939இல் போர் வந்தது, முயற்சி கைவிடப்பட்டது. அந்தத் தோல்வியின் கோப்பைப் படித்தவர் மேனன்.

ஆகவே 1947இல் பத்திரத்தைச் சுருக்கினார்கள். பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றே பொருள்கள். பணப் பொறுப்பு எதுவும் மன்னர்மீது சுமத்தப்படாது. உள்ளாட்சியில் கை வைப்பதில்லை. கேட்பவர் எதற்கு அஞ்சுகிறாரோ அதை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு வேண்டியதைக் கேட்பது என்பதே அந்த முறை. அடுத்து, இதை யார் சொன்னால் மன்னர்கள் கேட்பார்கள் என்றும் அவர் எண்ணிப் பார்த்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த மவுண்ட்பேட்டன் சொன்னால் கேட்பார்கள் என்று கருதி, அவரையே பேச வைக்கும் யோசனையைப் படேலிடம் சொன்னார். ஜூலை 25ஆம் நாள் மவுண்ட்பேட்டன் மன்னர் மண்டலத்தில் பேசினார். ஆகஸ்டு 15க்குள் ஐதராபாத், காஷ்மீர், ஜூனாகட் போன்ற சில தவிர மற்ற யாவும் கையெழுத்திட்டுவிட்டன. தாம் பேச வேண்டிய இடம் எது, பிறரைப் பேச வைக்க வேண்டிய இடம் எது என்று அறிவதும் பேச்சுத் திறமையின் ஒரு பகுதியே அன்றோ!

எல்லாக் கையெழுத்தும் இனிமையாக வந்துவிடவில்லை. ஜோத்பூரின் இளம் மன்னர், வைசிராய் அறையை விட்டு வெளியேறிய சமயம் பார்த்து, மேனனை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார். மேனன் கூச்சலிடவில்லை; ஓடவுமில்லை. தம்மைக் கொன்றாலும் மிரட்டினாலும் செய்த இணைப்பு மாறிவிடாது என்பதை அமைதியாக எடுத்துச் சொன்னார். மன்னரின் கோபம் தணிந்தது. எதிரே இருப்பவர் நிதானம் இழக்கும்போது நாமும் இழந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். சித்தூர் அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நான்கு புறமும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. நடுவே கொச்சி மன்னரின் தாலுகா. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் பேசும் இந்த ஊர், பக்கத்துப் பாலக்காட்டுக்கு வேற்று ஆட்சியாக இருந்தது. 1949இல் திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாக்கும் பேச்சை நடத்த மேனன் வந்தார். கொச்சி மன்னர் தம் பட்டத்தைப் பெரிதாக எண்ணாமல் விட்டுக்கொடுத்தார். அவர் கேட்ட சிறு சலுகைகளுள் ஒன்று, தம் குடும்பத்தாருக்குப் பஞ்சாங்கம் தொடர்ந்து இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது! திருவிதாங்கூர் மன்னரின் சங்கடம் வேறு வகையானது. பத்மநாப சுவாமியின் தாசனாக ஆட்சி செய்பவர், ராஜப்பிரமுகராக வேறொரு பிரமாணம் எடுப்பது எவ்வாறு? மேனன் அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கவில்லை. அவருடைய நம்பிக்கைக்கு ஊறு வராமல் உறுதி பெறும் வேறு வழி காணப்பட்டது. 1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூர் – கொச்சி ராஜ்யம் பிறந்தது. 1956இல் கேரளம் அமைந்து, 1957இல் பாலக்காடு மாவட்டம் உருவானபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது.

ஆனால் இந்தக் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மூன்று பொருள்கள் மட்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய சில மாதங்களுக்குள்ளேயே, 1947 டிசம்பரில், ஒரிசாவின் சிறு சமஸ்தானங்கள் முழுவதுமாக இணைக்கப்பட்டன. பின்னர் மற்றவையும் இணைந்தன. மக்களாட்சிக்கு அது தேவையாக இருந்தது என்பது மெய்யே. எனினும் சொன்ன சொல் மாறியதே என்று வருந்திய மன்னர்களும் இருந்தார்கள். அதற்கு ஈடாக மன்னர் மானியம் என்ற வாக்குறுதி எழுதித் தரப்பட்டது. அரசியல் சட்டத்திலும் இடம்பெற்றது. 1971இல் சட்டத் திருத்தத்தின் மூலம் அதுவும் நீக்கப்பட்டது. ஒரு வாக்குறுதியை எழுதுவது எவ்வளவு எளிது, அதைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது. நாளை அலுவலகத்தில் ஒரு கடிதத்தின் கீழே நாம் கையெழுத்திடும்போது, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் யாரோ ஒருவர் நம்மை நம்பி நிற்கிறார் என்பதை நினைக்க வேண்டும்.

படேல் 1950 டிசம்பரில் மறைந்தார். 1951இல் மேனன் சில காலம் ஒரிசாவின் தற்காலிக ஆளுநராக இருந்தார். பிறகு பெங்களூரில் குடியேறினார். படேலுக்குக் கொடுத்த வாக்கின்படி, சமஸ்தான இணைப்பைப் பற்றி ஒரு நூலும் அதிகார மாற்றத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1956இலும் 1957இலும் அவை வெளிவந்தன. ஒரு காலத்தில் புகையிலைக் கம்பெனிக் கணக்கு எழுதிய அதே ஊரில் 1965 டிசம்பர் 31ஆம் நாள் அவர் காலமானார்.

நண்பர்களே! மேனனுடைய ஆங்கிலம் பட்டம் தந்த ஆங்கிலமன்று. வேலை தந்த ஆங்கிலம். விஷயத்தை முழுவதும் அறிந்த பின் எழுதினார். படிப்பவரின் அச்சம் என்ன என்று கேட்டுக்கொண்டு எழுதினார். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் எழுதினார். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்துவிட்டது. தந்தி போய் மின்னஞ்சல் வந்துவிட்டது. ஆனால் இந்த மூன்றும் மாறவில்லை. இவற்றுக்குக் கான்வென்ட் படிப்பு வேண்டியதில்லை. சித்தூரிலிருந்தோ ஒற்றப்பாலத்திலிருந்தோ புறப்படும் எவருக்கும் இவை கைகூடும். முதல் வேலையில் நமக்குக் கிடைக்கும் முதல் கோப்பு எவ்வளவு சிறியதாயினும், அதைப் படித்துக்கொண்டே தொடங்குவோமாக.