தந்தை விட்ட ஏடு

நல்லூர் யாழ்ப்பாண நகரின் அயலூர். அவ்வூரிலே 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்குங் கடைசிப் புதல்வராய்ப் பிறந்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் என்றதும் மேடையில் முழங்கும் பெரியாரையே என் மாணாக்கர் எண்ணுகின்றனர். யான் அவர்களுக்கு முதலிற் காட்டுவது ஒன்பது வயதுச் சிறுவனை.

கந்தப்பிள்ளை நாடகங்கள் பல இயற்றியவர். அவற்றுள் ஒன்றைப் பாதியில் விட்டுக் காலமானார். ஏடு கிடந்தது; எழுத்தாணியுங் கிடந்தது. எஞ்சிய பகுதியைப் பாடி முடித்தவர் தமையன்மாருள் எவருமல்லர், எல்லார்க்கும் இளைய ஆறுமுகமே என்பர். இதனைப் புலமைக்குச் சான்றாகக் கூறுவாருளர். எனக்கோ, தந்தையை இழந்த பிள்ளை அவரோடு இன்னுஞ் சிறிது நேரம் பேசியிருந்ததாகவே தோன்றுகின்றது.

பின்னர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராய முதலியாரிடமும் தமிழ் கற்றார். நகரிலிருந்த மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், அச்சியந்திரம் நிறுவியதும், 1879இல் மறைந்ததும் யாவரும் அறிந்தவை.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். அத்துணை இளமையிலே செய்யுள் கைவந்தவர், சிறுவர்க்குப் பாலபாடம் எழுதப் புகுந்தபோது வசனத்தையே தேர்ந்தார். சிறு சிறு வாக்கியங்களாக, பிள்ளையின் மூச்சு முட்டாதவாறு எழுதினார். பாட்டனாரின் பெட்டகத்திற் கிடந்த பிரதியொன்றிலேதான் யான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அட்டை போய்விட்டது, புத்தகம் இன்னும் என் மேசையில் இருக்கின்றது.