அடைக்கலம் காத்த கொச்சி மன்னர்

நாம் குடியிருக்கும் இவ்வெலிங்டன் தீவின் பெரும்பகுதி நூறாண்டுகட்கு முன்னர் நிலமாகவே இருந்ததில்லை. வெண்டுருத்தி என்னும் பழைய சிறு தீவையொட்டி, காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணைக் கொட்டி, பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் 1920-களிலும் 1930-களிலும் ஆக்கப்பெற்ற நிலம் இது. ஆனால் நம் படகுத்துறையில் நின்று நோக்கினால் எதிரே தோன்றும் மட்டாஞ்சேரியும், அதற்கு வடமேற்கே கோட்டைக் கொச்சியும், அழிமுகத்தைத் தாண்டியுள்ள வைப்பீனும் மிகப் பழைய கரைகள். ஐந்நூறு ஆண்டுகட்கு முன், தம்மை நம்பி வந்த வேற்று நாட்டாரைப் பகைவர் கையில் ஒப்படைக்க மறுத்து, அதன் பொருட்டு நகரையும் வாரிசையும் இழந்த ஒரு மன்னரின் வரலாறு இக்கரைகளிலேதான் நடந்தது. பறங்கியர் ஏடுகளில் அவர் திரிமும்பாரா என்று குறிக்கப்படுகிறார். திருமுல்பாடு என்னும் பட்டப்பெயரே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். உண்ணி கோதவர்மர் என்றும், உண்ணிராமன் கோயில் திருமுல்பாடு என்றும் நம் நாட்டு நூல்கள் அவரை அழைக்கின்றன.

அந்நாளில் கொச்சி பெரிய அரசன்று. கோழிக்கோட்டுச் சாமூதிரியே மலையாளக் கரையில் வலிமை மிக்கவர். கொச்சி மன்னர் அவருக்கு அடங்கியவர். சொந்த நாணயம் அடிக்கவும், தம் அரண்மனைக்கு ஓடு வேயவுங்கூட அவருக்கு உரிமை இல்லாதிருந்ததாகப் பறங்கி எழுத்தர் ஒருவர் குறித்துள்ளார். இதனை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

1500-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், போர்த்துகீசிய மாலுமி கப்ரால் கோழிக்கோட்டில் அமைத்த பண்டகசாலை தாக்கப்பட்டு, ஐம்பது பேரளவில் மாண்டனர். கப்ரால் துறைமுகத்திலிருந்த அரபுக் கப்பல்களைப் பிடித்து அழித்து, நகரின் மேல் பீரங்கி சுட்டுவிட்டு, டிசம்பர் 24-ஆம் நாள் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். மன்னர் அவரை வரவேற்று மிளகு தர இசைந்தார். கரையிறங்கும் பறங்கியருக்குப் பிணையாக நாயர் பெருமக்கள் இருவர் கப்பலில் இருத்தப்பட்டனர். கடலில் உண்பது அவர்கள் ஆசாரத்துக்கு ஒவ்வாது. ஆதலின் நாள்தோறும் பிணையாட்களை மாற்றி, முன்னவர் கரைக்கு வந்து உண்ணும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரு நேரச் சோற்றுக்காக இத்தனை ஒழுங்கு செய்த காலம் அது.

1501 ஜனவரியில் சாமூதிரியின் பெருங் கப்பற்படை கடலில் தோன்றியது. மன்னர் துணை அனுப்புவதாகச் சொல்லியும், கப்ரால் இரவோடு இரவாகப் பாய் விரித்துப் போய்விட்டார். போகும்போது பிணையாட்கள் இருவரும் கப்பலிலேயே இருந்தனர். கொச்சிக் கரையிலோ, பண்டகசாலைத் தலைவர் கொன்சாலோ கில் பர்போசாவும் அவருடன் சிலரும் நின்றனர். இருவரையும் கப்ரால் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் முதற் சில நாட்கள் உணவைத் தொடாமலே கிடந்தனராம்.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டுகிறேன். தம் குடிமக்கள் இருவரைச் சொல்லாமற் கொள்ளாமல் கொண்டுபோய்விட்டனர். கொண்டுபோனவரின் ஆட்கள் சிலர் தம் கையில் உள்ளனர். சாதாரண மனிதக் கணக்கில் இதற்கு விடை எளிது. கொச்சி வணிகர் பலரும் அவ்விடையையே விரும்பினர். ஓரிரவில் பறங்கியர் தங்கிய வீட்டுக்குத் தீயும் வைக்கப்பட்டது. மன்னரோ அவர்களைத் தம் அரண்மனைக்கே அழைத்துக்கொண்டு, வெளியே செல்லும்போது நாயர் காவலும் துணையனுப்பினார். அதே ஆண்டின் இறுதியில் ஜோவாவ் ட நோவாவின் கப்பல்கள் வந்தபோது, பிணையாட்களைக் கொண்டுபோனது குறித்து மன்னர் மனவருத்தம் கொண்டிருந்தார். பறங்கியரோ ஊறின்றி இருந்தனர்.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று இதற்கு ஒப்புமையாகப் பேசப்படத் தக்கது. 1979 நவம்பர் 4-ஆம் நாள் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு ஊழியர்கள் பணயக் கைதிகளானபோது, தப்பிய அறுவரைக் கனடா நாட்டுத் தூதர் கென் டெய்லரும் அவருடைய சக அதிகாரி ஒருவரும் தத்தம் இல்லங்களில் ஒளித்து வைத்தனர். 1980 ஜனவரி இறுதியில் அவ்வறுவரும் கனடாக் கடவுச்சீட்டுடன் வெளியேற, தூதரகத்தை மூடிவிட்டு டெய்லரும் நாடு திரும்பினார். உலகம் போற்றிய செயல், ஐயமில்லை. ஆனால் கொச்சி மன்னருக்கு மூடிவிட்டுப் புறப்பட வேறு நாடு இல்லை. ஒளித்து வைக்கவும் வழியில்லை. விருந்தினர் இருக்குமிடம் பகைவர் அனைவருக்கும் தெரியும்.

1502-இல் வாஸ்கோ ட காமா இரண்டாம் முறை வந்தார். மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை, பெண்டிர் குழந்தைகளோடு, அவர் எரித்த கொடுமையை வரலாறு மறக்கவில்லை. மன்னர் காத்தது இத்தகைய கூட்டத்தாரின் ஆட்களைத்தான் என்பதை மறைத்தல் முறையன்று. மிளகு வாணிபத்தில் ஊதியமும், சாமூதிரியின் பிடியிலிருந்து விடுதலையும் மன்னர் வேண்டினார் என்பதும் உண்மையே. எனினும் ஊதியத்துக்காக மட்டும் செய்பவர், இழப்பு மிஞ்சும்போது கணக்கை மூடிவிடுவர். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இது நன்கு தெரியும். மன்னர் மூடவில்லை.

காமா 1503 தொடக்கத்தில் புறப்பட்டபோது புதிய பண்டகசாலைத் தலைவர் தியோகோ பெர்னாண்டஸ் கொரியாவும் அவருடைய ஆட்களும் கொச்சியில் தங்கினர். சாமூதிரி ஓலை மேல் ஓலையாக அனுப்பி அவர்களைக் கேட்டார். அமைச்சரும் பிரபுக்களும் ஒப்படைத்துவிடுமாறு மன்றாடினர். அயலார் சிலருக்காக நாட்டை நெருப்பில் இடுவதா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மன்னர் இசையவில்லை. கரையைக் காக்கவென்று காமா விட்டுச்சென்ற கப்பல்களின் தலைவர் விசென்தே சொத்ரேயோ, கொச்சியின் வேண்டுகோளைப் புறக்கணித்து, அரபிக் கடலின் மறுகரையில் கொள்ளைப் பொருள் தேடிப் போய், அங்கே புயலில் மாண்டார். எவருக்காகப் போரோ, அவருடைய கப்பல் ஒன்றுகூட உடன் நிற்கவில்லை.

சாமூதிரியின் படை இடைப்பள்ளியில் வந்து இறங்கியது. நம்மில் பலருக்கு எர்ணாகுளத்துக்கு வடக்கேயுள்ள இரயில் நிலையமாக மட்டுமே அறிமுகமான இடைப்பள்ளிதான் அது. கொச்சிக்குச் செல்லும் நீர்த்துறையை, மன்னரின் மருமகனும் பட்டத்துக்குரியவருமான நாராயணன் காத்து நின்றார். மருமக்கள் தாய முறையில் மருமகனே மகன். நாராயணன் பகைவரை மீண்டும் மீண்டும் தடுத்தார். பின்னர், படைவீரருக்குச் சம்பளம் கொடுக்கும் அதிகாரியைச் சாமூதிரியின் ஆட்கள் பொருள் கொடுத்து வசப்படுத்தினர். சம்பளம் வாங்கப் போன வீரர்களை அவன் திரும்பவிடாமல் நிறுத்திவைத்தான். குறைந்த படையோடு நின்ற நாராயணன் 1503 ஏப்ரல் தொடக்கத்தில் போரில் வீழ்ந்தார். அவருடன் மன்னர் குடும்பத்து இளைஞர் வேறிருவரும் வீழ்ந்தனர்.

அச்செய்தி கேட்டு ஊரார் பறங்கியர் மேல் பாயத் துடித்தனர் என்பதில் வியப்பில்லை. பறங்கியரே அஞ்சி, தங்களைக் கண்ணனூருக்கு அனுப்பிவிட்டால் மன்னருக்குத் தொல்லை ஒழியும் என்று விடை கேட்டனர். மன்னர் அதற்கும் உடன்படாமல், காயமுற்ற தம்மோடும் எஞ்சிய சிலரோடும் அவர்களையும் அழைத்துக்கொண்டு, புனித இடமென மதிக்கப்பட்ட வைப்பீனுக்குக் கடந்தார். கொச்சி எரிந்தது. காத்திருந்த மாதங்களில் மழைக்காலம் ஒன்றே அவருக்குத் துணை. கொந்தளிக்கும் அழிமுகத்தைச் சாமூதிரியின் படையால் எளிதில் தாண்ட இயலவில்லை. நம் தீவில் ஆனி ஆடி மழையை அனுபவித்தவர்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. காமாவுடன் வந்திருந்த இத்தாலியர் இருவர் இப்போரின்போது சாமூதிரியிடம் ஓடிப்போய், அவருக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்தனர் என்பது இக்கதையில் கசப்பான ஒரு பகுதி.

செப்டம்பரில் பிரான்சிஸ்கோ தெ அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்து மன்னரை மீண்டும் கொச்சியில் அமர்த்தின. நன்றிக்கு அடையாளமாகப் பறங்கியர் கேட்டது கோட்டை கட்ட இடம். மன்னர் இடமும் மரமும் ஆளும் தந்தார். தென்னை மரங்களைக் கொண்டு மானுவேல் கோட்டை எழுந்தது. 1504-இல் சாமூதிரி மீண்டும் படையெடுத்தபோது, துவார்த்தே பசெக்கோவின் சிறு படையும் கொச்சி நாயர் படையும் கும்பளம் துறையில் மாதக்கணக்கில் தடுத்து நின்றன. ஆலப்புழை வழி வண்டியில் போகிறவர்கள் அக்கும்பளத்தைக் கடந்தே போகிறார்கள். தோல்வியால் மனம் உடைந்த சாமூதிரி சிறிது காலம் அரசு துறந்து கோயிலில் ஒதுங்கினார்.

வென்ற மன்னரும் நெடுநாள் அரியணையில் இருக்கவில்லை. 1505 இறுதியில் போர்த்துகீசிய மன்னர் மானுவேல் அனுப்பிய பொன்முடியோடு பிரான்சிஸ்கோ தெ அல்மெய்தா வந்தபோது, அம்முடிக்கு உரிய முதியவர் அரசைத் துறந்து இறைவழிபாட்டில் புகுந்திருந்தார். அம்முடியை அல்மெய்தா அவருடைய மருமகனின் தலையில் சூட்டினார். அன்று முதல் நூற்றைம்பது ஆண்டுகட்கு மேல் கொச்சி அரசர் பறங்கியர் நிழலிலேயே ஆண்டனர். மட்டாஞ்சேரி அரண்மனையும் அவர்கள் கட்டிக் கொடுத்ததே. சாமூதிரியின் பிடியிலிருந்து விடுபட விரும்பியவர் வேறொரு பிடிக்கு வழி திறந்தார் என்று எழுதும் ஆசிரியர்கள் உளர். அது சரியே. வைப்பீனில் அம்மழைக்காலத்தை அவர் கழித்த விதமும் அதனோடு சேர்த்து எழுதப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

விடுமுறை நாளில் நம் சங்கத்துக் குடும்பங்கள் கோட்டைக் கொச்சிக்குச் சென்று, 1524 டிசம்பர் 24-இல் இறந்த காமாவை முதலில் அடக்கம் செய்த பிரான்சிஸ் தேவாலயத்துக் கல்லைப் பார்த்துவருவது வழக்கம். அடுத்த முறை, அங்கிருந்து படகேறி வைப்பீனுக்கும் போய்வரலாம். சில நிமிடப் பயணந்தான்.