புழக்கடையில் தொடங்கும் தேசபக்தி

தேசத்தை நேசிக்கிறோமென்று மேடைதோறும் முழங்குவோரில் எத்தனை பேர் தமது புழக்கடைக்கு வரும் பறவைகளின் பெயரை அறிவர்? காக்கை, குருவி நீங்கலாக மற்றவெல்லாம் ஏதோவொரு பட்சி என்றே பலர் கடந்து செல்கின்றனர். இந்த அறியாமையை நீக்கத் தம் ஆயுளைச் செலவிட்ட தமிழர் மா. கிருஷ்ணன்.

அவர் 1912-ம் வருஷம் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் புதல்வர். தந்தையார் 1925-ல் சென்னைச் சர்வகலாசாலையின் செனெட் சபையில் தமிழுக்காகப் பரிந்து பேசி, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். புதல்வருக்கு அப்போது பிராயம் 13. அவர் வளர்ந்த மயிலாப்பூர் அக்காலத்தில் புதர்களும் பறவைகளும் நிறைந்திருந்தது. அதுவே அவருக்கு முதற் பள்ளிக்கூடம்.

பின்னர் சட்டம் பயின்றார். ஆயினும் வக்கீல் தொழிலில் நிலைக்கவில்லை. 1942 முதல் சந்தூர் சமஸ்தானத்தில் உபாத்தியாயர், நியாயாதிபதி முதலிய உத்தியோகங்கள் வகித்தார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் சென்னை திரும்பி, எழுத்தையே ஜீவனமாகக் கொண்டார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய அவரது கட்டுரைத் தொடர், 1996-ல் அவர் காலமாகும் வரை 46 வருஷம் வெளிவந்தது. பத்மஸ்ரீ விருது பெற்றார்.

யானையையும் புலியையும் பற்றி எழுதிய அப்பேனா, காக்கைக்கும் மைனாவுக்கும் அதே மதிப்பை அளித்தது. ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மரஞ்செடிகளிலும் ஜீவராசிகளிலும் அடங்கியிருக்கிறதென்பது அவரது உறுதியான கொள்கை. இதைவிடச் சிறந்த சுதேசியம் எது?

அவர் காட்டிய வழியில் செல்லப் பெரும் பொருள் வேண்டியதில்லை, பொறுமை போதும். வேலியடியில் நடப்பது செம்போத்து. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடமைப்பது தையற்சிட்டு. தன் கூட்டருகே வரும் காக்கையைத் துரத்தியடிப்பது கரிச்சான். அளவு, நிறம், அலகு, வால், நடை, குரல் ஆகியவற்றைக் கவனித்துத் தினம் ஒன்றாகக் குறித்து வருபவர், சில மாதங்களில் தம் அயலாரை அறிந்தவராவார்.

கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் பெருகிவிட்டன. திருவள்ளூர் ஜில்லாவில் ஏரிக்கரைகளையும் தோப்புகளையும் மனைகள் நெருக்குகின்றன. அருகே பழவேற்காட்டு ஏரியை நாடிப் பூநாரைகள் வருகின்றன. தொழில் வளர்ச்சி வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால், பெயர் தெரியாத பறவை மறைந்தால் அதற்காக வழக்காட யார் முன்வருவார்? அறியாததைக் காக்க எவராலும் இயலாது. ஊழியர்களும் இளைஞர்களும் நாளைக் காலை கூட்டத்திற்குப் புறப்படுமுன் கால்மணி நேரம் தமது புழக்கடையில் நிற்பார்களாக.